தத்துவத் துறைக்கு நாற்பதாயிரம் பேர் வரவில்லை

ஒட்டுப்பாறைக் கலைக் கல்லூரியில் தத்துவத் துறை என்று ஒன்று உண்டு. உண்டு என்பதற்கு அத்தாட்சி கேட்டால் ஓர் அறை, ஒரு கரும்பலகை, மூன்று பேராசிரியர்கள், ஒரு வருகைப் பதிவேடு இவற்றைக் காட்டலாம். மாணவர்களைக் காட்ட முடியாது. அவர்கள் வந்து நான்கு வருஷம் ஆகிறது. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஊருக்குக் காலை ஏழரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதை விட்டால் மறுநாள் ஏழரைக்கு இன்னொன்று இருக்கிறது.

மாணவர்கள் இல்லை என்பதற்காகத் துறைத் தலைவர் ஆவுடைநாயகம் ஒரு நாளும் வேலையில் குறை வைத்ததில்லை. பத்து மணிக்கு மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைவார். காலி பெஞ்சுகளைப் பார்த்து, "உட்காருங்க" என்பார். பதிவேட்டைத் திறந்து, "பதிவு எண் ஒன்று" என்பார். காத்திருப்பார். "உள்ளேன் ஐயா" என்று எவனும் சொல்ல மாட்டான். சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, "பதிவு எண் இரண்டு" என்பார். இப்படி அறுபது வரைக்கும் போகும். முப்பத்தோரு வருஷ சர்வீஸில், வராதவன் வந்ததாக அவர் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதன் பிறகு நோட்ஸ் சொல்லுவார். "உண்மை என்பது கமா, உள்ளபடி இருப்பது முற்றுப்புள்ளி. அடிக்கோடு போடுங்க." பெஞ்சுகள் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து அடுத்த பத்திக்குப் போவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த துறையில்தான் முதல்வர் ரெஜினா அம்மா வந்து குண்டைப் போட்டார்.

"சார், இப்ப எல்லாக் காலேஜ்லயும் பாட்காஸ்ட் போடுறாங்க. பாடத்தை போன்ல பேசி ஏத்திவிட்டா உலகமே கேட்குமாம். உங்க துறையும் போடணும். இந்தப் பருவம் முடியறதுக்குள்ள ஆயிரம் பேர் கேட்கணும். இல்லன்னா துறையை மூடிட்டு, இந்த ரூமைக் கேட்டரிங் துறைக்கு ஐஸ்பெட்டி வைக்கக் குடுத்துருவோம்."

"நான் எங்க மேடம் போவேன்?"

"ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்குல்ல? உடற்கல்வித் துறைக்கு மாத்திருவோம். அங்க ஃபுட்பாலுக்குக் காத்தடிக்க ஆள் இல்லாம திண்டாடுறாங்க."

ஆவுடைநாயகத்துக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. ஆன்மாவைப் பற்றி முப்பத்தோரு வருஷம் பேசிய மனுஷன், குனிந்து பம்ப்பை அமுக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் விசில் கட்டிய ஒருவர் "இன்னும் ரெண்டு அடி சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குள் ஒரு காட்சி வந்து நின்றது. எப்பாடு பட்டாவது துறையைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்.

கம்ப்யூட்டர் லேப் மும்தாஜ் ஒரு போனையும் ஒரு மைக்கையும் கொடுத்து, ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். "இதுல உள்ளபடி செய்ங்க சார், போதும். முடிஞ்சதும் இந்தப் பச்சைப் பட்டனை அமுக்கிருங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போய்விட்டாள். அங்கேதான் விதி விளையாடியது. உள்ளபடி செய்வதில் அந்தத் துறைப் பேராசிரியர்கள் மூவரையும் மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் வரி: வெளிச் சத்தம் உள்ளே வரக்கூடாது.

"வெளிச் சத்தம்னா என்ன?" என்று ஆரம்பித்தார் சவரிமுத்து. அவர் தர்க்கம் நடத்துகிறவர். டீ வந்திருக்கிறது என்று சொன்னாலும் அதற்கு ஆதாரம் கேட்பார்.

"வெளியில இருந்து வர்ற சத்தம்" என்றார் ஆவுடைநாயகம்.

"நாம எங்க இருந்து வாறோம்?"

"வராந்தாவுல இருந்து."

"வராந்தா உள்ளயா, வெளியயா?"

ஆவுடைநாயகம் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வெளியதான்."

"அப்ப நம்ம சத்தமும் வெளிச் சத்தம்தானே? அதை எப்படி உள்ள கொண்டாறது?"

அறவியல் பாடம் எடுக்கும் வடிவாம்பாள் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ரூம்லயே பிறந்தவங்கதான் பேசலாம்னுல்ல ஆகுது."

"அப்படி யாரு இருக்கா?"

"பல்லி இருக்கு."

பல்லியைப் பற்றிக் கால் மணி நேரம் ஆலோசித்தார்கள். குரல் மோசமில்லை, பேச்சும் சுருக்கம். ஆனாலும் அதற்கு முனைவர் பட்டம் இல்லை என்பதால் கைவிட வேண்டியதாயிற்று.

கடைசியில் வடிவாம்பாள் மேடம்தான் வழி சொன்னார். "ஒரு ஊர்ல போய்க் கொஞ்ச காலம் குடியிருந்தா, அந்த ஊர்க்காரங்கன்னு ரேஷன் கார்டு குடுக்காங்கல்ல? அதே மாதிரி நாமளும் வாயைத் திறக்காம இங்கயே உட்கார்ந்திருப்போம். சத்தம் இந்த ரூம் சத்தமா மாறிரும்."

மூன்று நாள் மணியடித்ததிலிருந்து மணியடிக்கும்வரை மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுத் தூக்குகளை ஜன்னலில் அரை மணி நேரம் வைத்து, சோறும் உள்ளூர்ச் சோறான பிறகே சாப்பிட்டார்கள். நான்காம் நாள், நாம் இப்போது உள்ளே உள்ளவர்களாகிவிட்டோம் என்று சவரிமுத்து மூன்று காரணங்களோடு நிரூபித்தார்.

இரண்டாம் வரி: கேட்பவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசவும்.

எதிரே ஒரு நாற்காலி போட்டார்கள். ஆவுடைநாயகம் கண்ணை மூடி, எண்ணெய் தடவிப் படிய வாரிய ஓர் அடக்கமான பையனை நினைத்து அதில் உட்கார வைத்தார். சவரிமுத்து, எடுத்ததற்கெல்லாம் எதிர்க்கேள்வி போடும் ஒருவனை நினைத்தார். வடிவாம்பாள் மேடம் ஒரு பெண்ணை நினைத்தார்.

"ஒரே சேர்ல மூணு பேரா? அதுல ஒண்ணு பொம்பளப் பிள்ளை. நல்லாயிருக்கா சார் இது?" என்று மேடம் கேட்டதும் இன்னும் இரண்டு நாற்காலி வந்தது.

ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் மேடம் மேஜையைத் தட்டினார்.

"ஏட்டி, வாயில என்ன? எந்திரி! கிளாஸ்ல சூயிங் கம்மா? போ வெளிய!"

நினைத்த பெண் வெளியே போய்விட்டாள். சவரிமுத்து நினைத்த பையன் அதெப்படி ஒருதலைப்பட்சமாகத் தண்டிக்கலாம் என்று வாதாடினானாம். அவர் அவனையும் வெளியே அனுப்பினார். கூட வந்தவர்கள் போய்விட்டதால் ஆவுடைநாயகத்தின் அடக்கமான பையனும், "நானும் போயிட்டு வாறேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

மூன்று நாற்காலியும் காலி.

"இப்ப எதிர்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"நினைப்புலகூட நிக்க மாட்டேங்கானுவளே" என்று ஆவுடைநாயகம் பெருமூச்சு விட்டார்.

"நமக்குப் பழக்கம்தானே சார். நீங்க தொடங்குங்க."

வழக்கம்போல அறுபது பேரைக் கூப்பிட்டு, அறுபது பேரும் வரவில்லை என்று எழுதிவிட்டு, 'அறிவு என்றால் என்ன' என்பதைப் பற்றி அவர் ஒன்றரை மணி நேரம் நோட்ஸ் சொன்னார்.

மூன்றாம் வரி: தேவையில்லாததை வெட்டிவிடவும்.

சவரிமுத்துவுக்கு இது அல்வா மாதிரி. ஒவ்வொரு வாக்கியமாகப் போட்டுக் கேட்டார்.

"இது தெரிஞ்சவங்களுக்குத் தேவையா சார்?"

"தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு? அவங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியாதவங்களுக்கு?"

"அவங்களுக்கு இது புரியாது."

"அப்ப ரெண்டு பேருக்கும் வேண்டாம். மூணாவது ஆள் இருக்காங்களா?"

"இல்ல."

வெட்டினார். அடுத்த வாக்கியமும் அதே கத்தியில் விழுந்தது. அதற்கடுத்ததும். "இது என் முனைவர் பட்ட ஆராய்ச்சியோட முடிவு சவரி, ஒன்பது வருஷ உழைப்பு" என்று ஆவுடைநாயகம் ஒரு வாக்கியத்துக்காகக் கெஞ்சிப் பார்த்தார். சவரிமுத்து ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து மரியாதை செய்துவிட்டு அதையும் வெட்டினார்.

மிஞ்சியது நாற்பது நிமிஷம். வருகைப்பதிவு விதிப்படி நடப்பது என்பதால் அதில் கைவைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு "கமா". நீண்ட அமைதி. "முற்றுப்புள்ளி." இரண்டு இருமல். "அடிக்கோடு போடுங்க." மறுபடி அமைதி. கடைசியில், "புரியுதா?"

பச்சைப் பொத்தானை மூவரும் சேர்ந்து அமுக்கினார்கள்.

ஒரே வாரத்தில் பதினோராயிரம் பேர் கேட்டார்கள்.

மதுரையிலிருந்து ஒருவர், "எத்தனையோ தத்துவச் சொற்பொழிவு கேட்டிருக்கிறேன். முழுசாகப் புரிந்தது இது ஒன்றுதான்" என்று எழுதியிருந்தார். "அந்த இரண்டாவது இருமலில் நான் அழுதுவிட்டேன்" என்று எழுதியிருந்தார் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர். இந்த மௌனம் கல்வி முறையின் மீதான கடும் விமர்சனம் என்று இன்னொரு கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. மற்றவர்கள் சத்தம் போடாமல் அதைக் கேட்டுத் தூங்கினார்கள்.

ரெஜினா அம்மா லட்டுப் பெட்டியோடு ஓடி வந்தார். "சார், துறை பிழைச்சிருச்சு! பதினோராயிரம் பேர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அனுப்பிருவோம்."

ஆவுடைநாயகம் லட்டைத் தொடவில்லை. "கேட்டாங்கன்னு எப்படி மேடம் எழுதறது? கூப்பிட்டேன், ஒருத்தர்கூட உள்ளேன் ஐயா சொல்லலையே?"

"போன்ல கேட்கறவங்க எப்படி சார் சொல்லுவாங்க?"

"அது அவங்க பாடு. பொய் வருகை போட என் கை வராது."

"ஃபுட்பால் பம்ப் புடிக்க வருமா?"

அந்தக் கேள்விக்கு அவர் ஓர் அடி பின்னால் போனார். இருந்தாலும் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அம்மா லட்டோடு திரும்பிப் போனார்.

மூவரும் கூடிப் பேசினார்கள். அறுபது பேரைத்தானே கூப்பிட்டோம், மிச்சப் பேர் தங்களைக் கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம் அல்லவா என்று வடிவாம்பாள் மேடம் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அடுத்த பாட்காஸ்ட்டில் ஒன்றிலிருந்து பதினோராயிரம் வரைக்கும் கூப்பிடத் தொடங்கினார் ஆவுடைநாயகம். ஓர் எண், ஒரு காத்திருப்பு, ஒரு சிவப்புக் குறி. ஆறு நாள் பிடித்தது.

எண்ணுவதைக் கேட்டுக்கொண்டே படுத்தால் சொக்குகிறது என்று ஊரெல்லாம் பேச்சாகி, ஏழாம் நாள் பார்த்தால் கேட்பவர்கள் இருபத்திரண்டாயிரம். மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டார்கள். குரல் கம்மியதும் சவரிமுத்து மாற்றிக்கொண்டார், அவருக்குக் கம்மியதும் மேடம். பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நாற்பதாயிரம்.

"இப்படியே போனா நாம முடிக்கவே மாட்டோம்" என்றார் மேடம்.

"அதுக்காக அரைகுறையா விடலாமா?" என்றார் ஆவுடைநாயகம்.

நாற்பதாயிரம் எண்ணையும் கூப்பிட்டு முடித்தபோது பதிவேடு இடுப்பு உயரம் வந்திருந்தது. ஒரு பக்கத்திலும் ஒரு 'உள்ளேன்' இல்லை. எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாதவரை நீக்க வேண்டும் என்பது விதி. தத்துவத் துறை அறிவிப்புப் பலகையில் மறுநாள் ஒரு தாள் தொங்கியது. வருகை போதாத காரணத்தால் நாற்பதாயிரம் பேரும் நீக்கப்படுகிறார்கள். மீண்டும் சேர விரும்புவோர் பெற்றோரை அழைத்துவந்து கையெழுத்திடச் செய்ய வேண்டும்.

ரெஜினா அம்மா அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்களுக்கு ஆயிரம் பேர்தானே வேணும்? நாற்பதாயிரம் பேர் வந்தும் அத்தனை பேரையும் துரத்திட்டீங்களே! நாளைக்கு ஆய்வுக்குழுத் தலைவர் வாறாரு. அவரு மூடுன்னு எழுதிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் வந்த ஆய்வுக்குழுத் தலைவர் பேர் சங்குமணி. கோட்டும் கோப்புமாக இருந்தாலும் முகம் குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே வந்ததும் ஆவுடைநாயகத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! எட்டு வருஷமாத் தூக்கமில்லாம தவிச்சவன் சார் நான். உங்க பாட்காஸ்ட் வந்த பெறகுதான் தூங்குதேன். துறை நீடிக்கலாம்னு எழுதத்தான் வந்திருக்கேன்."

முதல்வர் முகத்தில் வெளிச்சம் வந்தது. சங்குமணி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் ஆவுடைநாயகம். "நீங்க எப்ப இருந்து கேட்கீங்க?"

"மொத நாள்ல இருந்து. மொத ஆளே நான்தான்னு போன்ல காட்டுச்சு."

"அப்ப நீங்க பதிவு எண் ஒன்று."

"அப்படியா? சந்தோஷம்."

"நீங்க ஒரு நாளும் வரலை."

ரெஜினா அம்மா, "சார், சார்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆவுடைநாயகத்துக்கும் அந்த ஃபுட்பால் பம்ப் நினைவுக்கு வந்தது. விசில் சத்தம் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பதிவேடு திறந்து கிடக்கிறது, சிவப்பு மை பளிச்சென்று தெரிகிறது. அவர் என்ன செய்வார்?

"வீட்டுல சொன்னேன் சார்!" சங்குமணியின் குரல் உடைந்தது. "நீங்க கூப்பிடக் கூப்பிடப் படுக்கையில இருந்தே உள்ளேன் ஐயான்னு சொன்னேன். எம் பொண்டாட்டியைக் கேளுங்க."

"எங்க காதுல விழலை."

"நீக்கப்பட்ட மாணவர் துறைக்குள்ள நிக்கக் கூடாது" என்று மேடம் கதவைக் காட்டினார்.

எந்தப் பதவிக்குப் போனாலும், வகுப்பை விட்டு வெளியே போ என்று சொன்னால் போய்விடுகிற ஒரு பயம் மனுஷனுக்குள் கிடக்கத்தான் செய்கிறது. சங்குமணி கோப்பை மேஜையிலேயே வைத்துவிட்டு வராந்தாவில் போய்க் கைகட்டி நின்றார்.

"அப்பாவைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள வரலாம்" என்றார் சவரிமுத்து.

"அப்பாவுக்குத் தொண்ணூத்தொரு வயசு சார்."

"வயசு வரம்பு விதியில இல்ல."

பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் ஆட்டோ வந்தது. அதிலிருந்து பெரியவர் சுடலையாண்டியை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும் மகனின் காதைப் பிடித்துத் திருகினார்.

"இவன் சின்னதுலயே இப்படித்தான் வாத்தியாரே. பேரு கூப்பிட்டா வாய்க்குள்ளயே முனகுவான். ஏல, வாத்தியார் என்ன எழுதச் சொல்லுதாரோ அதை எழுதுல!"

சங்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, 'துறை நீடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நான் எங்கவே போடணும்?" என்று கேட்டார் பெரியவர்.

அங்கேயும் ஒரு விவாதம் நடந்தது. பெற்றோர் கையெழுத்துக்கென்று அந்தப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் போட்டால் ஒழுங்கீனம் என்றார் மேடம். பின்னால் போட்டால் யாருக்கும் தெரியாது என்றார் ஆவுடைநாயகம். காலியாக இருக்கிற கோடு கையெழுத்துக்காகத்தான் காலியாக இருக்கிறது, படிவத்தில் காலிக் கோடு ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே அதில்தான் போட வேண்டும் என்று சவரிமுத்து நிறுவினார். 'துறைத் தலைவர்' என்று அச்சடித்திருந்த அந்தக் கோட்டில் பெரியவர் தம் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.

மூன்று வாரத்தில் அரசாணை வந்தது. ஒட்டுப்பாறைத் தத்துவத் துறை நிரந்தரமாக நீடிக்கும். துறைத் தலைவர்: திரு. சுடலையாண்டி.

"உங்க நாற்காலி போச்சே சார்" என்று ரெஜினா அம்மா வருத்தப்பட்டார்.

"துறை இருக்கே மேடம். பம்ப்புப் பக்கம் போக வேண்டாமே" என்றார் ஆவுடைநாயகம். புதிய தலைவருக்கு மைக் பிடிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது.

பெரியவர் தினமும் பத்து மணிக்கு ஆட்டோவில் வருவார். நாற்காலியில் சாய்வார். பத்தேகாலுக்குக் குறட்டை கிளம்பும். ஆவுடைநாயகம் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டிப் பன்னிரண்டு வரைக்கும் பிடிப்பார். கேட்பவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். பழைய தலைவரைவிடப் புதியவரிடம் ஆழம் அதிகம் என்று மதுரைக்காரர் எழுதினார். பெற்றோரை அழைத்துவந்து மீண்டும் சேர்ந்த அத்தனை பேருக்கும் பருவத் தேர்வு வைத்தார்கள். வினாத்தாளில் ஒரே கேள்வி: "தலைவரின் முதல் குறட்டைக்கும் இரண்டாம் குறட்டைக்கும் உள்ள வேறுபாடுகளை நான்கு பக்கங்களுக்கு மிகாமல் விளக்குக."

எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கூடுதல் தாள் வாங்காத ஆளில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சங்குமணி மட்டும், கேள்வியை இரண்டு தடவை படித்தவர், அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்தார். சற்றைக்கெல்லாம் மண்டபம் அதிரக் குறட்டை விட்டார்.

மேற்பார்வைக்கு நின்ற வடிவாம்பாள் மேடம் விரைந்து வந்து, தலைவரைப் பார்த்துக் காப்பியடித்த குற்றத்துக்காக அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்.